தள்ளிப்போன இறுதியாட்டம்

2025 மே 17, சனிக்கிழமை. அயர்லாந்தின் தெற்கு மாகாணமான மன்ஸ்டரில் மகளிர் கமோகி இறுதியாட்டம் நடந்திருக்க வேண்டிய நாள். கார்க் அணியும் வாட்டர்ஃபோர்ட் அணியும் தயாராக இருந்தன. ஆனால் அன்று ஆட்டம் நடக்கவில்லை. மழையோ காயமோ அதற்குக் காரணமில்லை. விதிப்படி அணிய வேண்டிய ஸ்கோர்ட்டை விட்டுவிட்டு அரைக்கால் சட்டையோடு களமிறங்குவது என்று இரு அணிப் பெண்களும் முடிவு செய்திருந்தார்கள். முந்தைய நாளே ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது.

ஸ்கோர்ட் என்பது வெளியே பாவாடை, உள்ளே காற்சட்டை என்று இரண்டையும் சேர்த்துத் தைத்த உடை. அந்த ஒரு துணிக்காக ஒரு மாகாணத்தின் இறுதியாட்டம் நின்றது. கேட்கும்போது சின்ன விஷயமாகத் தெரியும். 121 ஆண்டுகள் பின்னால் போய் அங்கிருந்து நடந்து வந்தால் அது அவ்வளவு சின்ன விஷயமில்லை என்று புரியும்.

கமோகி என்பது ஹர்லிங் என்ற பழைய ஐரிஷ் விளையாட்டின் பெண்கள் வடிவம். சாம்பல் மரத்தில் செய்த வளைந்த மட்டை, கைக்குள் அடங்கும் சிறிய தோல்பந்து. பந்தைத் தரையில் அடிக்கலாம், மட்டையில் ஏந்திக்கொண்டு ஓடலாம், அந்தரத்தில் வைத்தும் விளாசலாம். குறுக்குச் சட்டத்துக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், அதன் மதிப்பு மூன்று புள்ளி. மேலே போனால் ஒரு புள்ளி. ஹாக்கிக்கு நாம் வளைகோல் பந்தாட்டம் என்று பெயர் வைத்தோம். ஐரிஷ்காரர்கள் பெயர் வைத்த முறையும் அதுவே. அவர்கள் மொழியில் 'கம்' என்றால் வளைந்தது. ஆண்களின் மட்டை கமான், பெண்களுக்கென்று கொஞ்சம் குட்டையாகச் செய்த மட்டை கமோக். அந்த மட்டையிலிருந்துதான் ஆட்டத்துக்குப் பெயர் வந்தது.

முதல் பொது ஆட்டம் 1904 ஜூலை 17 அன்று நவன் என்ற ஊரில் நடந்தது. ஆடியவர்கள் டப்ளின் நகரத்துப் பெண்கள். ஐரிஷ் மொழியை மீட்டெடுக்கப் பாடுபட்ட கேலிக் லீக்கின் வகுப்புகளில் மொழி படித்தவர்கள் அவர்கள். மாலையில் இலக்கணம், விடுமுறையில் பூங்காவில் மட்டைப் பயிற்சி. அவர்களில் ஒருவர் மாய்ரே நீ ஹின்னேடே. நாடகம் எழுதியவர். பிற்காலத்தில் பிளாஸ்கெட் தீவின் கதைசொல்லியான பெக் சேயர்ஸைத் தன் வாழ்க்கையைச் சொல்ல வைத்து அதை நூலாக்கியவரும் அவரே. 1905ல் கமோகிச் சங்கம் அமைந்தபோது அதன் முதல் தலைவரானார். அன்று நவனில் விழுந்தது ஒரே ஒரு கோல். அதை வைத்து அவருடைய அணி வென்றது.

அந்தப் பெண்கள் கணுக்காலைத் தொடும் பாவாடையோடு ஆடினார்கள். ஓடும்போது துணி காலில் சிக்கும், நனைந்தால் கனக்கும். பாவாடையால் வேண்டுமென்றே பந்தை மறிப்பது குற்றம் என்று அன்றைய விதியில் எழுதியே வைத்தார்கள். அப்படியொரு விதி தேவைப்பட்டது என்பதிலிருந்தே துணியின் அளவை ஊகிக்கலாம். ஆனாலும் அந்தப் பாவாடையை விலங்கு என்று மட்டும் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. பொது மைதானத்தில், ஆண்கள் பார்க்க, பெண்கள் மட்டை பிடித்து ஓடுவதே ஊருக்குப் புதிது. நீளப் பாவாடைதான் அவர்களை மைதானத்துக்குள் விட்டது. அது இல்லையென்றால் வேலிக்கு வெளியேதான் நிறுத்தியிருப்பார்கள்.

ஆட்டமும் பாவாடைக்குத் தக்கபடிதான் அளக்கப்பட்டது. ஆண்கள் அணியில் 15 பேர் என்று நிலைத்தபோது பெண்கள் அணியில் 12 பேர். களத்தின் நீளம் 125 முதல் 130 கஜம். ஆட்ட நேரம் 40 நிமிடம், 1934ல் அது 50 ஆனது. இவற்றுக்கு மேல் ஒரு விசித்திரமும் உண்டு. 1929 முதல் கோல் கம்பங்களில் இரண்டாவதாக ஒரு குறுக்குச் சட்டம் உயரத்தில் பொருத்தப்பட்டிருந்தது. பந்து முதல் சட்டத்துக்கு மேலேயும் இரண்டாவதற்குக் கீழேயும் போனால்தான் புள்ளி. அதற்கும் மேலே பறந்துவிட்டால் ஒன்றுமில்லை. பலத்தோடு அடித்தவருக்குத் தண்டனை, அளவாக அடித்தவருக்குப் பரிசு. 50 ஆண்டுகள் சச்சரவுக்கு நடுவிலேயே நின்ற அந்தச் சட்டத்தை 1979ல் கழற்றினார்கள்.

இன்று ஒரு பக்கத்துக்கு 15 பேர், 60 நிமிடம், ஆண்கள் ஆடும் அதே அளவுக் களம். மாற்றம் நடந்த ஆண்டு 1999. அந்த ஆண்டு அகில அயர்லாந்து இறுதியில் கில்கென்னியை வென்று கிண்ணத்தைத் தூக்கியது மன்ஸ்டரின் டிப்பரேரி. அதற்குமுன் அந்த மாவட்டம் ஒருமுறையும் வென்றதில்லை. அடுத்த இரண்டு ஆண்டும் வென்றது, 2003லும் 2004லும் வென்றது. பெரிய களம் சிலருக்காகவே காத்துக்கொண்டிருந்தது போலிருக்கிறது. 12 பேர் ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்த பெரியவர்களுக்கோ அதில் ஒரு குறை. நெருக்கமான இடத்தில், நின்ற இடத்திலேயே மணிக்கட்டைத் திருப்பி அடிக்கும் நுணுக்கத்துக்கு அன்று இருந்த மதிப்பு இன்று ஓட்டத்துக்கும் உடல் வலுவுக்கும் போய்விட்டது. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

இனி மாகாணப் பருவத்துக்கு வருகிறேன். என் மனம் அதிகம் தங்குவது இங்கேதான்.

அயர்லாந்துக்கு நான்கு மாகாணங்கள்: மன்ஸ்டர், லென்ஸ்டர், அல்ஸ்டர், கொனாட். அகில அயர்லாந்துப் போட்டி 1932ல் தொடங்கியது. அதற்கான கிண்ணத்தைத் தந்தவர் ஷான் ஓடஃபி. முதல் வெற்றி டப்ளினுக்கு. 1934, 1935, 1936 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் கார்க் வென்றது. அந்தக் காலத்தில் அகில அயர்லாந்து மேடைக்கு ஏறும் படிக்கட்டு மாகாணம் ஒன்றுதான். மன்ஸ்டரில் ஆறு மாவட்டங்கள்: கார்க், கெர்ரி, கிளேர், லிமெரிக், டிப்பரேரி, வாட்டர்ஃபோர்ட். இவற்றில் ஒன்றுதான் மேலே போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோற்றால் அந்த ஆண்டு முடிந்தது. மட்டையைத் துடைத்துப் பரணில் வைத்துவிட்டு அடுத்த கோடைவரை காத்திருக்க வேண்டியதுதான். பல பெண்களுக்குப் பருவம் என்பது ஒரே ஒரு பிற்பகல்.

வாட்டர்ஃபோர்ட் 1945ல் அந்தப் படிக்கட்டில் ஏறி அகில அயர்லாந்து இறுதிவரை போய், ஆன்ட்ரிம் அணியிடம் தோற்றது. டிப்பரேரி 1949, 1953, 1958, 1961, 1965 ஆகிய ஆண்டுகளில் போனது, ஐந்து முறையும் தோற்றது. 1948 முதல் 1966 வரையான 19 இறுதிகளில் 18ஐ டப்ளினே வென்றது. இடையில் 1956ல் மட்டும் ஆன்ட்ரிம். மன்ஸ்டர் மாகாணத்தை வென்று வருவதே அப்போது ஒரு மாவட்டத்தின் வாழ்நாள் பெருமை. டப்ளினிடம் தோற்றுத் திரும்பினாலும் அந்தப் பெருமை குறையாது.

அந்த டப்ளின் அணியில்தான் கேத்லீன் மில்ஸ் ஆடினார். ரயில்வேத் தொழிலாளர் மன்றத்தின் ஆட்டக்காரர். 1942 முதல் 1961 வரை 15 அகில அயர்லாந்துப் பதக்கங்கள் வாங்கினார். கடைசிப் பதக்கம் 1961 இறுதியில் டிப்பரேரிக்கு எதிராகக் கிடைத்தது. அன்று அவருக்கு 38ஆவது பிறந்தநாள். அதோடு மட்டையைக் கீழே வைத்தார். தொடக்கத்தில் மொழி வகுப்புப் பெண்களிடம் இருந்த ஆட்டம் ரயில்வேக்கும் தொழிற்சாலைக்கும் கடைகளுக்கும் வேலைக்குப் போன பெண்களிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு அவர் வாழ்க்கை ஒன்றே போதும்.

1970களில் மாகாணம் என்ற படிக்கட்டை எடுத்துவிட்டார்கள். எல்லா மாவட்டப் பெயர்களையும் ஒன்றாகப் போட்டுக் குலுக்கி எடுக்கும் முறை வந்தது. 1976 இறுதியில் கில்கென்னியும் டப்ளினும் மோதின. இரண்டுமே லென்ஸ்டர் மாகாணத்து அணிகள். பழைய முறையில் நடந்திருக்கவே முடியாத ஆட்டம் அது. நியாயமான மாற்றம் என்றே சொல்வேன். வலுவான இரண்டு அணிகள் ஒரே மாகாணத்தில் பிறந்தது அவற்றின் குற்றமில்லையே.

இன்று நாடு தழுவிய லீக் போட்டிகள் முடிந்து அகில அயர்லாந்துக் குழு ஆட்டங்கள் தொடங்கும் முன் கிடைக்கும் சில வாரங்களில் மாகாணப் போட்டி அடங்கிவிடுகிறது. மன்ஸ்டரை வென்றவருக்கும் முதல் ஆட்டத்திலேயே தோற்றவருக்கும் அகில அயர்லாந்தில் ஒரே இடம்தான். பெண்களுக்கு இதனால் ஆட்டங்கள் கூடின. ஒரு தோல்வியோடு வீட்டுக்குப் போக வேண்டியதில்லை, ஒரு பருவத்தில் பல முறை களமிறங்கலாம். இது பெரிய லாபம். ஆனால் அதே மே மாதத்தில் ஆண்களின் மன்ஸ்டர் ஹர்லிங் ஆட்டங்களுக்குப் பல்லாயிரம் பேர் திரள்கிறார்கள், இறுதிக்கு 40,000 பேருக்கு மேல் கூடுகிறார்கள். அவர்களுக்கு மாகாணம் இன்றும் படிக்கட்டாக இருக்கிறது. பெண்களுக்கு அது வாசலில் வைத்த கோலமாக நின்றுவிட்டது. அழகுதான், அதன் வழியாக யாரும் மேலே ஏறுவதில்லை.

உடையின் கதை இவ்வளவு வேகமாக நகரவில்லை. கணுக்கால் பாவாடை போய்ப் பள்ளிப் பெண்கள் உடற்பயிற்சிக்கு அணியும் மடிப்பு வைத்த மேலங்கி வந்தது. அதோடு கறுப்பு நீளக் காலுறை. பிறகு குட்டைப் பாவாடை, கடைசியில் ஸ்கோர்ட். நீளம் குறைந்துகொண்டே வந்தாலும் பாவாடை என்ற வடிவம் மட்டும் போகவில்லை. 1989 அகில அயர்லாந்து இறுதியில் கில்கென்னியின் ஏஞ்செலா டௌனி கார்க் கோலை நோக்கிப் பாய்ந்தபோது மட்டை கையிலிருந்து நழுவியது, இழுபட்ட பாவாடையும் கழன்றது. அவர் நிற்கவில்லை. பந்தை வலைக்குள் சேர்த்துவிட்டுத்தான் திரும்பினார். அயர்லாந்தில் அந்தக் கோலை இன்றும் சிரிப்போடும் பெருமையோடும் சொல்கிறார்கள். அவர் 12 அகில அயர்லாந்துப் பதக்கங்கள் வாங்கியவர். அந்தக் கோல் விழுந்த பிறகும் 36 ஆண்டுகள் பாவாடை விதி நின்றது.

2025 வரை விதி சொன்னது இதுதான்: ஆட்ட உடையில் பாவாடையோ, ஸ்கோர்ட்டோ, பிரித்துத் தைத்த பாவாடையோ இருக்க வேண்டும். வாரம் முழுவதும் பயிற்சியை இந்தப் பெண்கள் அரைக்கால் சட்டையில்தான் செய்தார்கள். ஆட்ட நாளில் மட்டும், அதுவும் களமிறங்கும் நேரத்தில், ஸ்கோர்ட்டுக்கு மாறினார்கள். ஆட்டக்காரர் சங்கம் நடத்திய கருத்துக் கணிப்பில் 70 சதவீதம் பேர் அது உடலுக்கு வசதியாக இல்லை என்றார்கள். எதை அணிவது என்று முடிவு செய்யும் உரிமை வேண்டும் என்றவர்கள் 83 சதவீதம். மாதவிடாய் நாட்களின் பதற்றம், விழும்போது எடுக்கப்படும் படங்கள் எங்கே போய்ச் சேருமோ என்ற கவலை ஆகியவற்றையும் வெளிப்படையாகவே பேசினார்கள். 1904ல் ஆடிய பெண் தன் உடலைப் பற்றி இப்படி ஒரு மேடையில் சொல்லியிருக்க முடியாது. இந்தப் பேச்சே ஒரு மாற்றம்தான்.

2024ல் கமோகிச் சங்கத்தின் பேராயத்துக்கு உடை விதியை மாற்றும் தீர்மானங்கள் வந்தன, தோற்றன. 2027 வரை மறுபடி எடுக்க முடியாது என்ற நிலை. அந்தக் கதவு அடைத்த பிறகு பெண்கள் மைதானத்தின் பக்கம் திரும்பினார்கள். 2025 மே 3 அன்று லென்ஸ்டர் அரையிறுதிக்கு டப்ளின், கில்கென்னி என்ற இரு அணிகளும் அரைக்கால் சட்டையோடு வந்து நின்றன. மாற்றாவிட்டால் ஆட்டம் கைவிடப்படும் என்று நடுவர் சொன்னார். மாற்றிக்கொண்டு வந்து ஆடினார்கள். இரண்டு வாரம் கழித்து மன்ஸ்டர் இறுதி தள்ளிப்போனது. மே 22 அன்று டப்ளினின் குரோக் பார்க் மைதானத்தில் சிறப்புப் பேராயம் கூடியது. 98 சதவீத வாக்குகளோடு விதி மாறியது. அன்று நள்ளிரவு தாண்டியதும் புதிய விதி நடைமுறைக்கு வந்தது. முதல் எதிர்ப்பிலிருந்து விதி மாற்றம்வரை 19 நாட்கள்.

எனக்கு இதில் ஒன்று தோன்றுகிறது. எதிரெதிரே மோத வேண்டிய அணிகள் ஒன்றாக நின்றன. அதுவும் மாகாணப் பருவத்தில் நின்றன. அகில அயர்லாந்து அரையிறுதியை யாரும் இவ்வளவு எளிதில் பணயம் வைக்க மாட்டார்கள். எடை குறைந்துபோன போட்டி என்பதால்தான் அதை எடுத்துத் தராசில் போட முடிந்தது என்று நினைக்கிறேன். படிக்கட்டாக இருந்த காலத்தில் மன்ஸ்டர் இறுதி எத்தனையோ பெண்களை மேலே அனுப்பியிருக்கிறது. படிக்கட்டாக இல்லாமல் போன பிறகு, நடக்காமல் நின்றதாலேயே, எல்லாப் பெண்களையும் ஒரு படி உயர்த்திவிட்டது.

மற்ற மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அன்று வெறுந்தலை, இன்று முகக்கம்பி வைத்த தலைக்கவசம். அன்று மட்டைக்கு ஊர்ப்பக்கத்துச் சாம்பல் மரம். 2012ல் அயர்லாந்தில் கண்டறியப்பட்ட நுனிக்கருகல் நோய் அந்த மரங்களை அரித்து வருகிறது, அதனால் மூங்கில் மட்டையும் செயற்கைப் பொருள் மட்டையும் கடைக்கு வந்துவிட்டன. அரசு மானியத்தில் மாவட்ட அணிப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் இருந்த ஏற்றத்தாழ்வு 2021ல் நீங்கியது. ஆனாலும் சம்பளம் என்று எதுவும் இல்லை. ஆசிரியையும் செவிலியும் மாணவியும் வேலையும் படிப்பும் முடிந்த பிறகுதான் பயிற்சிக்குப் போகிறார்கள். இந்த ஒன்றில் மட்டும் கேத்லீன் மில்ஸின் காலத்துக்கும் இன்றைக்கும் வேறுபாடு குறைவு.

2023 அகில அயர்லாந்து இறுதிக்கு வாட்டர்ஃபோர்ட் வந்தது. 1945க்குப் பிறகு 78 ஆண்டுகள் கழித்து. எதிரே நின்றது அதே மன்ஸ்டரின் கார்க். பழைய முறையில் இந்த இரண்டு அணிகளும் அங்கே சந்தித்திருக்கவே முடியாது. கார்க் 5 கோல் 13 புள்ளி, வாட்டர்ஃபோர்ட் 9 புள்ளி. படிக்கட்டை எடுத்ததால் வாட்டர்ஃபோர்ட் பெண்களுக்கு அந்த நாள் கிடைத்தது. 1932 முதல் 2025 வரை நடந்த 94 போட்டிகளில் கிண்ணத்தைத் தொட்டவை ஏழு மாவட்டங்கள் மட்டுமே. கார்க் 30, டப்ளின் 26, கில்கென்னி 15. மன்ஸ்டரின் ஆறு மாவட்டங்களில் கார்க்கும் டிப்பரேரியும் தவிர நான்கு இன்னும் காத்திருக்கின்றன. அந்த நான்குக்கும் எட்டக்கூடிய பெரிய வெற்றி என்றால் அது மாகாணக் கிண்ணம்தான். அதன் மதிப்பு குறையும்போது அதிகம் இழப்பது அவர்கள்தான்.

கமோகிச் சங்கம், பெண்கள் கேலிக் கால்பந்துச் சங்கம், ஆண்களின் கேலிக் விளையாட்டுச் சங்கம் ஆகிய மூன்றையும் ஒன்றாக்கும் வேலை நடக்கிறது. முன்னாள் குடியரசுத் தலைவர் மேரி மெக்கலீஸ் தலைமையில் அமைந்த குழு அதற்கு 2027ஐ இலக்காக வைத்திருக்கிறது. மைதானமும் பணமும் பார்வையாளர்களும் பொதுவாகும். பெண்கள் 1905ல் தாங்களே தொடங்கித் தாங்களே தலைமை தாங்கிய ஒரு தனிச் சங்கம் அதோடு முடியும். அந்த இழப்புக்கு ஈடாகப் பெண்கள் கேட்டுப் பெற வேண்டியவை பல இருக்கின்றன. மன்ஸ்டர் கிண்ணத்துக்கு அதன் பழைய எடையைத் திருப்பித் தருவது அவற்றில் ஒன்று. மாகாணத்தை வென்ற அணிக்கு அகில அயர்லாந்தில் நேரடிக் காலிறுதியோ அரையிறுதியோ கிடைக்க வேண்டும். தோற்ற அணிகளுக்கு இன்றிருக்கும் குழு ஆட்டங்களின் வழியும் திறந்தே இருக்கட்டும். புதிய சங்கத்தின் விதிகளை எழுதப்போகிறவர்கள் இந்த ஒரு வரியையும் அதில் சேர்க்க வேண்டும்.